குளத்தில் பூத்திருப்பது ஆம்பலா, குவளையா?

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், விடியற்காலையில், திருமானூர்ப் பக்கம் வந்து பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து அரியலூருக்குச் செல்லும் சாலை கொள்ளிடத்துப் பாலத்தைக் கடந்து, ஆற்றின் வடகரையில் இந்த ஊரைத் தொடுகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்து முடியும் சமயம் அது. சுற்றுவட்டாரத்தில் உள்ள குளம், குட்டை, ஏரி எல்லாவற்றிலும் தண்ணீர் நிறைந்திருக்கும். நீரின் மேல் வட்ட வட்டமாக இலைகள். அவற்றின் நடுவே பூக்கள். சில வெள்ளை, சில இளஞ்சிவப்பு, சில வெளிர்நீலம்.

கரையில் நிற்பவர்களிடம் அந்தப் பூவின் பெயர் என்ன என்று கேளுங்கள். ஒருவர் "அல்லி" என்பார். இன்னொருவர் "ஆம்பல்" என்பார். தமிழாசிரியர் ஒருவர் அங்கே இருந்தால் "குவளை" என்றும் சொல்லக்கூடும். ஆங்கிலப் பாடம் படித்த மாணவன் "லில்லி" என்பான். "எல்லாம் தாமரை வகைதானே!" என்று சொல்லிவிட்டு ஒருவர் நடையைக் கட்டுவார்.

இவர்களில் யார் சொல்வது சரி? இதை நீங்களே சோதித்து அறியலாம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு கைலென்சு, ஒரு நோட்டுப் புத்தகம், கொஞ்சம் பொறுமை, இவை மூன்றும் போதும்.

பெயர்களின் குழப்பம்

நம் முன்னோர் இந்தப் பூக்களைப் பிரித்து அறிந்திருந்தனர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட பூப்பட்டியலில் ஆம்பல், குவளை, நெய்தல், தாமரை ஆகிய நான்கும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. ஆனால் எந்தப் பழம்பெயர் எந்தச் செடிக்கு உரியது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஒரே பூவுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் வழங்குவதும் உண்டு. போதாக்குறைக்கு, உங்கள் தாவரவியல் பாடத்தில் எந்தப் பூவின் இதழ்வட்டத்தையும் "அல்லிவட்டம்" என்றுதான் சொல்கிறோம்!

"லில்லி" என்ற சொல்லும் இந்தக் குழப்பத்தில் பங்கு பெறுகிறது. ஆங்கிலத்தில் இப்பூவை "வாட்டர் லில்லி" என்பதால், இது லில்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. லில்லிச் செடிகள் ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றுக்கும் நம் குளத்துப் பூவுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. லில்லிகளுக்கு ஓரளவு உறவான பூ நம் வேலிகளில் படர்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான் அது.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்து கொள்வோம். இந்தக் கட்டுரையில் "ஆம்பல்" என்றால் நிம்ஃபேயா பியூபெசென்ஸ் என்ற செடி. "குவளை" என்றால் நிம்ஃபேயா நௌச்சாலி என்ற செடி. "அல்லி" என்பது இரண்டுக்கும் பொதுவான பெயர். அறிவியலில் இப்படிப் பெயரை முதலில் வரையறுத்துக்கொண்டு பேசினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

முதலில் அயலாரை விலக்குவோம்

ஒரு குளத்தில் மிதக்கும் இலைகளை எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைத்துவிடக் கூடாது. அல்லியைப் போலத் தோன்றும் இருவரை முதலில் இனம் கண்டு ஒதுக்கி வைப்போம்.

முதலாவது தாமரை. அதன் முதிர்ந்த இலை குடைபோல நீருக்கு மேலே எழுந்து நிற்கும். காம்பு இலையின் நடுவே சேர்ந்திருக்கும். இலையில் வெட்டு கிடையாது. தண்ணீர் ஊற்றினால் முத்தாக உருண்டு ஓடும். அல்லி இலையோ நீரோடு ஒட்டி மிதக்கும். விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும். தாமரையின் உறவினர் யார் தெரியுமா? நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கிறார்களே, அந்தச் சில்வர் ஓக் மரம்! மரபணு ஆய்வுகள் இரண்டையும் ஒரே வரிசையில் சேர்த்திருக்கின்றன.

இரண்டாவது நிம்ஃபாய்டிஸ் என்ற சிறு செடி. இலையைப் பார்த்தால் குட்டி அல்லி என்றே தோன்றும். ஆனால் பூ மிகச் சிறியது. பெரும்பாலும் ஐந்தே வெள்ளை இதழ்கள், நடுவில் மஞ்சள். கைலென்சில் பாருங்கள். ஒரு வகையில் இதழ் முழுவதும் பஞ்சு போன்ற மயிர்கள் இருக்கும். இன்னொரு வகையில் இதழின் நடுக்கோட்டில் சேவற்கொண்டை போல ஒரு மடிப்பு நிற்கும். இந்தச் செடி சூரியகாந்தி அடங்கிய வரிசையைச் சேர்ந்தது.

பார்த்தீர்களா? சில்வர் ஓக்கின் உறவும், சூரியகாந்தியின் உறவும், அல்லியும் ஒரே குளத்தில் ஒன்றுபோல வட்ட இலை விரித்து வாழ்கின்றன. நீரில் வாழும் வாழ்க்கை அவற்றுக்கு ஒத்த உருவத்தைக் கொடுத்திருக்கிறது. தோற்றம் ஒன்றாக இருப்பதால் மட்டும் உறவு என்று ஆகிவிடாது.

அல்லிகளின் குலம் மிகப் பழமையானது. பூக்கும் தாவரங்களின் குலமரத்தில் மிகத் தொடக்கத்திலேயே பிரிந்த கிளைகளுள் ஒன்று அது. ஒருவித்திலை, இருவித்திலை என்ற இரு பெரும் பிரிவுகளிலும் அடங்காமல் தனித்து நிற்கிறது. அரியலூர்ப் பாறைகளில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைப்பதை அறிவீர்கள். அவை கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தவை. அந்தக் காலத்திலேயே அல்லியின் மூதாதையர் உலகின் குளங்களில் பூத்துக்கொண்டிருந்தனர்.

நிறத்தை நம்பாதீர்கள்

இப்போது குளத்தில் எஞ்சியிருப்பவை ஆம்பலும் குவளையும். இவை ஒரே பேரினத்தின் இரு சிற்றினங்கள், உண்மையான உறவினர். இவற்றை எப்படிப் பிரிப்பது?

"இது என்ன பிரமாதம்? வெள்ளை ஆம்பல், நீலம் குவளை!" என்று நீங்கள் சொல்லலாம். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஆம்பலில் வெள்ளையும் உண்டு, இளஞ்சிவப்பும் உண்டு, சிவப்பும் உண்டு. குவளையில் நீலமும் உண்டு, ஊதாவும் உண்டு, வெள்ளை என்றே சொல்லத்தக்க வெளுத்த பூவும் உண்டு. ஆகவே வெள்ளைப் பூ ஒன்றைக் கையில் கொடுத்தால் நிறம் உங்களுக்கு உதவாது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாரிபோசா லில்லி என்ற காட்டுப் பூக்கள் இருக்கின்றன. "மாரிபோசா" என்றால் ஸ்பானிய மொழியில் வண்ணத்துப்பூச்சி. இவை உண்மையான லில்லிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏறக்குறைய 70 சிற்றினங்கள் உண்டு. கலிபோர்னியாவின் ஒரு சிற்றினம் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, ஊதா என்று பல நிறங்களில் பூக்கிறது. அதனால் அங்குள்ள தாவரவியலாரும் நிறத்தோடு நின்றுவிடுவதில்லை. இதழின் அடியில் உள்ள தேன்சுரப்பி என்ன வடிவம், அதைச் சுற்றியுள்ள மயிர்கள் எப்படி என்று லென்சு வைத்துப் பார்க்கிறார்கள்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தாவரவியலார் செடிகளை அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரச் சேமிப்பகத்தில் வைக்கிறார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் அருட்தந்தை கே. எம். மேத்யூ தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம் அத்தகையது. தமிழகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெரும் நூல் 1980களின் தொடக்கத்தில் அங்கிருந்து வெளிவந்தது. உலர்ந்த தாளில் பூவின் நிறம் நாளடைவில் மங்கிப் பழுப்பாகிவிடும். ஆனால் இலையின் பல் மங்காது, மயிர் மறையாது, மகரந்தத்தாளின் வடிவம் மாறாது. நூறு ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கும் அவை சாட்சி சொல்லும்.

நான்கு சோதனைகள்

முதற் சோதனை இலைவிளிம்பு. நீரில் மிதக்கும் முதிர்ந்த இலை ஒன்றைப் பாருங்கள். ஆம்பல் இலையின் விளிம்பில் ரம்பம் போலக் கூர்மையான பற்கள் ஒழுங்காக வரிசையாக இருக்கும். குவளை இலையின் விளிம்பு பல்லின்றி மழமழப்பாகவோ, அலைபோல வளைந்தோ இருக்கும். சில சமயம் மழுங்கிய, ஒழுங்கற்ற பற்கள் காணப்படும். அதனால் இந்த ஒரு சோதனையோடு நிறுத்திவிடக் கூடாது. இலையின் அளவையும் நம்ப வேண்டாம். தண்ணீரின் ஆழத்துக்கும் சேற்றின் வளத்துக்கும் ஏற்ப அது மாறும்.

இரண்டாவது சோதனை இலையின் அடிப்புறம். இலையைத் திருப்பி விரலால் தடவுங்கள். ஆம்பலாக இருந்தால் வெல்வெட்டுத் துணியைத் தொட்டது போலிருக்கும். குறுமயிர்கள் அடர்ந்திருப்பதே காரணம். நரம்புகளும் கயிறு போலப் புடைத்திருக்கும். குவளையின் அடிப்புறம் மயிரின்றி வழவழப்பாக இருக்கும். ஆம்பலின் பெயரிலேயே இந்தக் குறிப்பு இருக்கிறது. "பியூபெசென்ஸ்" என்ற லத்தீன் சொல்லுக்கு மென்மயிர் உடையது என்று பொருள். 1799-ல் வில்டெனோ என்ற ஜெர்மானியத் தாவரவியலார் இப்பெயரைச் சூட்டினார். பூவின் நிறத்தை விட்டுவிட்டு இலையின் மயிரை அவர் பெயராக்கியதைக் கவனியுங்கள்!

மூன்றாவது சோதனை மகரந்தத்தாள். பூவின் நடுவில் மஞ்சளாக அடர்ந்திருப்பவை மகரந்தத்தாள்கள். குவளையில் ஒவ்வொரு மகரந்தப்பையின் உச்சியிலும் ஒரு சிறு நாக்கு நீண்டிருக்கும். அது பெரும்பாலும் இதழின் நிறத்திலேயே இருக்கும். நீலக் குவளையை மேலிருந்து பார்த்தால் மஞ்சள் நடுவில் நீலப் புள்ளிகள் தெரிவது இதனால்தான். ஆம்பலின் மகரந்தப்பையில் இந்த நாக்கு இல்லை. வெளுத்த குவளையையும் வெள்ளை ஆம்பலையும் பிரிக்க இதைவிடச் சிறந்த அடையாளம் பூவில் கிடையாது. இதழ்களும் துணை செய்யும். குவளையின் இதழ்கள் குறைவு. நுனி கூர்மையாக நட்சத்திரம் போல விரியும். ஆம்பலின் இதழ் நுனி சற்று மழுங்கியிருக்கும்.

நான்காவது சோதனைக்குக் கடிகாரம் வேண்டும். குவளை பகலில் பூப்பது. காலையில் வெயில் ஏறும்போது விரிந்து, பிற்பகலில் கூம்பிவிடும். ஆம்பல் இரவில் பூப்பது. பொழுது சாய்ந்தபின் விரிந்து, மறுநாள் முற்பகல் வரை திறந்திருக்கும். ஒரே பூ இப்படி மூன்று நான்கு நாள் விரிந்தும் கூம்பியும் வரும். ஆம்பல் நிலவைக் கண்டு மலர்வதாகப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அமாவாசை இரவில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். அன்றும் மலர்ந்திருக்கும்! அதற்கு வேண்டியது இரவு, நிலவு அன்று.

கடிகாரம் வெறும் அடையாளம் மட்டும் அன்று. அல்லிப் பூவில் முதல் நாளில் பெண் பகுதி முந்திக்கொள்ளும். நடுவில் உள்ள கிண்ணத்தில் ஒரு திரவம் சுரந்திருக்கும். வேறு பூவிலிருந்து மகரந்தத்தோடு வரும் பூச்சி அதில் விழுந்தால், அதன் உடலில் உள்ள மகரந்தம் கழுவப்பட்டுச் சூலகமுடியைச் சேரும். அடுத்த நாள் அந்தத் திரவம் இராது, மகரந்தப்பைகள் வெடிக்கும். இவ்வாறு தன் மகரந்தம் தன்மேலேயே விழுவதைப் பூ தவிர்த்துக்கொள்கிறது. ஒரே குளத்தில் வாழும் ஆம்பலும் குவளையும் வெவ்வேறு நேரத்தில் விழித்திருப்பதால், ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்குப் போய்ச் சேரும் வாய்ப்பும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து திறந்திருப்பது காலையில் சிறிது நேரமே. அந்த நேரத்தில்தான் நாமும் குளக்கரைக்குப் போக வேண்டும். அப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

பெயர் தவறினால் என்ன?

"எதுவாக இருந்தால் என்ன? பூ அழகாக இருக்கிறது, போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்து நாட்டில் நடந்த ஒன்றைக் கேளுங்கள்.

இலங்கை 1986-ல் "நீல் மானெல்" என்ற பூவைத் தேசிய மலராக ஏற்றது. நம் குவளைதான் அது. ஆனால் காலப்போக்கில் நீல் மானெல் என்று மக்கள் பறித்ததும், விற்றதும், படங்களில் வரைந்ததும் பெரும்பாலும் அடர்ந்த ஊதா நிறமுள்ள வேறொரு அல்லி. பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலார் இரண்டையும் உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டுப் பார்த்தனர். அந்த ஊதா அல்லி, வெளிநாட்டு அல்லிகளின் வழியில் வந்த கலப்பினம் என்று தெரிய வந்தது. உண்மையான குவளை வெளிர்நீலமாக, குறைந்த இதழ்களோடு, அடக்கமாக ஒதுங்கி நின்றது. ஒரு நாடு தன் தேசிய மலரையே அடையாளம் தவறிப் போற்றி வந்திருக்கிறது!

இதில் அழகைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. கலப்பினம் நீர்நிலையில் பரவி உள்ளூர்ச் செடியின் இடத்தைப் பிடித்துக்கொண்டாலும், இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பவருக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது. "பூ நிறைய இருக்கிறதே!" என்றுதான் சொல்வார். பெயர் பிரித்துச் சொல்லத் தெரியாத ஒன்றின் இழப்பை யாராலும் கணக்கிட முடியாது.

நம் ஊர் நர்சரிகளிலும் இன்று பல நிறத் தோட்ட அல்லிகள் தொட்டிகளில் விற்கப்படுகின்றன. இவற்றுள் சிலவற்றை அறிய எளிய வழி உண்டு. இலையும் காம்பும் சேரும் இடத்தில், இலையின் மேலேயே, ஒரு குட்டிச் செடி முளைத்திருக்கும். நம் ஆம்பலும் குவளையும் இப்படிக் குட்டி போடுவதில்லை. அத்தகைய செடியை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பதில் தவறில்லை. ஆனால் வேண்டாம் என்று தோன்றும்போது அதைக் குளத்தில் வீசிவிடாதீர்கள்.

கரைவெட்டியின் அருகில் இருக்கிறீர்கள்

திருமானூருக்கு அருகில்தான் கரைவெட்டி ஏரி இருக்கிறது. புள்ளம்பாடி வாய்க்கால் நீரும் மழைநீரும் இதை நிரப்புகின்றன. 1999-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த ஏரியின் பரப்பு சுமார் 454 ஹெக்டேர். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இங்கே தங்குகின்றன. 2024 ஜனவரியில் இது ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலை என்பதற்கு அது ஓர் அங்கீகாரம். பறவைகளைப் பார்க்கப் பலர் வருகிறார்கள். அந்தப் பறவைகளுக்கு நிழலும் ஒதுங்க இடமும் தரும் செடிகளைப் பெயர் சொல்லிக் குறித்து வைப்பவர்கள் குறைவு. அந்த வேலையை நீங்கள் தொடங்கலாம்.

செய்து பாருங்கள்

உங்கள் ஊர்க் குளம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காலை ஏழரை மணியளவில் செல்லுங்கள். எக்காரணம் கொண்டும் நீரில் இறங்காதீர்கள். அல்லியின் நீண்ட காம்புகள் காலைச் சுற்றிக்கொண்டால் நீந்தத் தெரிந்தவரும் தப்புவது கடினம். கரையோரத்துச் செடியே போதும். ஒரே ஒரு இலையையும் ஒரே ஒரு பூவையும் நீண்ட கொம்பால் இழுத்து எடுத்துப் பாருங்கள். சரணாலயத்துக்குள் எதையும் பறிக்கக் கூடாது. அங்கே கண்ணால் பார்த்துக் குறிப்பு எடுப்பது மட்டுமே.

நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு செடிக்கும் கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்:

1. இலையில் காம்பு வரை வெட்டு உண்டா? (இல்லையென்றால் தாமரையாக இருக்கலாம்.)
2. பூவுக்கு ஐந்து சிறு இதழ்கள் மட்டுமா? (ஆம் என்றால் நிம்ஃபாய்டிஸ்.)
3. இலைவிளிம்பில் கூர்மையான பற்கள் ஒழுங்காக உண்டா?
4. இலையின் அடிப்புறத்தில் மயிர் உண்டா?
5. மகரந்தப்பையின் உச்சியில் நாக்கு உண்டா?
6. காலை எட்டு மணி, பகல் பன்னிரண்டு மணி, மாலை ஏழு மணி: எப்போதெல்லாம் பூ விரிந்திருந்தது?
7. இலையின் மேல் குட்டிச் செடி உண்டா?
8. பூவின் நிறம் என்ன?

மூன்றுக்கும் நான்குக்கும் "உண்டு", ஐந்துக்கு "இல்லை", இரவில் விரிகிறது என்றால் அது ஆம்பல். மூன்றுக்கும் நான்குக்கும் "இல்லை", ஐந்துக்கு "உண்டு", பகலில் விரிகிறது, குட்டிச் செடியும் இல்லை என்றால் அது குவளையாக இருக்க வேண்டும். மூன்றாம் கேள்வி மட்டும் உங்களைக் குழப்பினால் நான்கையும் ஐந்தையும் நம்புங்கள். விடைகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் "தெரியவில்லை" என்று எழுதுங்கள். இலையையும் பூவையும் வரைந்து, ஆசிரியரிடம் காட்டுங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுவதும் அறிவியல்தான். நிறத்தைக் கேட்கும் கேள்வியைக் கடைசியில் வைத்திருப்பது ஏன் என்று உங்களுக்கே இப்போது புரிந்திருக்கும்.

குளத்தின் பெயரையும் தேதியையும் எழுத மறவாதீர்கள். அடுத்த ஆண்டும் அதே குளத்துக்குப் போங்கள். அதற்கு அடுத்த ஆண்டும் போங்கள். உங்கள் குளத்தில் குவளை இருந்ததா, இருக்கிறதா, குறைகிறதா என்று யாராவது ஒரு நாள் கேட்டால், அதற்கான விடை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும்.